கருத்துகள் வரவேற்கப்படுகின்றன

திருநெல்வேலியிலயா இறங்கறீங்க? அப்ப இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். நான் நாகர்கோவில்காரன், இந்த வழியெல்லாம் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு.

என்ன வேலைன்னு கேட்டீங்க இல்ல. சொன்னா யாருக்கும் சட்டுனு புரியாது. என் சம்சாரத்துக்கே இருபத்தஞ்சு வருஷமா புரியல. இன்டர்நெட்டுக்கு விதி எழுதறவன்னு வச்சுக்குங்களேன். உங்க போன்ல ஒரு வெப்சைட்டைத் திறக்கறீங்க. அதையே நான் வேற கம்பெனி போன்ல திறக்கறேன். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வருது இல்ல? அது தானா வராது. எல்லாக் கம்பெனியும் ஒரு மேஜையைச் சுத்தி உக்காந்து, இது இப்படித்தான் இருக்கணும்னு பேசி எழுதி வச்சாத்தான் வரும். அதுக்குப் பேரு ஸ்டாண்டர்டு. அதை எழுதறதுக்குன்னு ஒரு உலக அமைப்பு இருக்கு. அதுல ஒரு குழுவுக்கு நான் தலைவர். தாணுமாலயன்னு தேடிப் பாத்தா வரும். சம்பளம் குடுக்கறது என் கம்பெனி. கம்பெனி பேரு வேண்டாம் சார், நல்லா இருக்காது.

ஆனா நாங்க கதவைச் சாத்திக்கிட்டு எழுதறதில்ல. அதை மொதல்ல சொல்லிடறேன். வரைவு தயாரானதும் அறுபது நாள் பொதுவுல போட்டுடுவோம். உலகத்துல யார் வேணா படிக்கலாம், யார் வேணா கருத்துச் சொல்லலாம். ஒவ்வொரு கருத்துக்கும் நாங்க எழுத்துல பதில் சொல்லியாகணும். விதி அப்படி. இதைப் பத்தி மேடைகள்ல பேசறப்ப ஒரு பொண்ணு கதையைத்தான் சொல்லுவேன். தங்கபுஷ்பம்னு பேரு. ஊரு நாங்குநேரி.

அவளுக்கு அப்ப முப்பத்தெட்டு வயசு. ஆறு வயசுல அம்மை போட்டு ரெண்டு கண்ணும் போயிடுச்சு. படிச்சவ. புருஷன் ஜெபசிங் லோடு வேன் ஓட்டறான். இவ பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ரூம்ல கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருந்தா. விதவைப் பென்ஷன், சாதிச் சான்றிதழ், ஸ்காலர்ஷிப்னு ஊர்ல எவனுக்கு எந்த ஃபாரம் போடணும்னாலும் அவகிட்டதான் போவாங்க. யோசிச்சுப் பாருங்க சார், கண்ணு தெரிஞ்சவனுக்கெல்லாம் கண்ணு தெரியாதவ ஃபாரம் போட்டுத் தர்றா. திரையில இருக்கறதைப் படிச்சுச் சொல்ற சாப்ட்வேர் ஒண்ணு இருக்கு. அதைக் காதுல மாட்டிக்கிட்டு கீபோர்டுலயே டக் டக்னு போயிடுவா. மவுஸைத் தொடவே மாட்டா. தொட்டு என்ன பண்ண, அம்புக்குறி எங்க இருக்குன்னு தெரியாதே.

அந்த வருஷம் நாங்க எழுதின ஸ்டாண்டர்டு என்னன்னா, வெப்சைட்டுக்கு வர்றது மனுஷனா மெஷினான்னு கண்டுபிடிக்கற விஷயம். முன்னாடியெல்லாம் ஒம்பது படத்தைக் காட்டி எதுல பஸ் இருக்குன்னு கேப்பாங்களே, ஞாபகம் இருக்கா? எல்லாரும் திட்டுவாங்க. அதை ஒழிக்கணும்னுதான். புது முறையில உங்களை எதுவும் கேக்கவே மாட்டோம். மவுஸ் எப்படி நகருது, விரல் திரையில எப்படித் தடுமாறுதுன்னு பிரவுசரே பாத்து முடிவு பண்ணிக்கும். மனுஷன் கை கொஞ்சம் நடுங்கும், வழி தப்பும். மெஷின் நேரா போகும். அருமையான யோசனை சார். எங்க கம்பெனியோடதுதான். கை அசைவெல்லாம் எங்க சர்வர் வழியா போய்ட்டு வரும். அதை எதுக்கு நீங்க வச்சுக்கறீங்கன்னு சில பேர் கேட்டாங்க. பாதுகாப்புக்குன்னு பதில் எழுதினோம்.

வரைவு வெளியான பன்னெண்டாம் நாள் இவ கருத்து வந்துது. ரெண்டே வரி. 'நான் மனுஷி. உங்கள் வரைவு என்னை மனுஷி இல்லை என்கிறது.' இங்கிலீஷ்ல எழுதியிருந்தா, கொஞ்சம் தப்புத் தப்பா. நாங்க சிரிச்சோம். கேலியா இல்ல சார், அலுத்துப்போய் உக்காந்திருந்தப்ப ஒரு சுவாரசியமா இருந்துது. எங்க ஆளுங்க பேசிக்கற குரூப்ல அவளுக்கு 'நாங்குநேரி ரோபோ'ன்னு பேரு வச்சேன். செல்லப் பேருதான்.

ரெண்டாவது கருத்து வந்தப்ப யாரும் சிரிக்கல. கண்ணு தெரியாதவங்க முப்பத்தோரு பேரு, வாட்ஸாப்ல ஒரு குரூப்பா இருக்கறவங்க, எல்லாரையும் நாங்க சோதனைக்குப் போட்டிருந்த மாதிரிப் பக்கத்துல நுழைய வச்சுப் பாத்திருக்கா. பேரு, ஊரு, தேதி, என்ன சாப்ட்வேர்னு வரிசையா எழுதியிருந்தா. முப்பத்தொண்ணுல இருபத்தேழு பேரை மெஷின்னு சொல்லிடுச்சு. கீபோர்டுல மட்டும் போறவங்க எல்லாம் நேர்கோடா போறாங்க இல்ல, அதான். அப்புறம் வேற நாடுகள்ல இருந்து ஆளுங்க அவ கருத்துக்குக் கீழ எழுத ஆரம்பிச்சாங்க. அறுபது நாள் முடியறதுக்கு முன்னாடியே அவளே நாப்பத்து மூணு கருத்து எழுதியிருந்தா. ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லணுமே. தீபாவளிக்கு வர்ற போன்ல எல்லாம் எங்க கம்பெனியில இந்தப் புது முறையை ஏத்தி முடிச்சாச்சு. ஸ்டாண்டர்டு அப்புறம்தான் வரும், சாமான் முன்னாடியே ரெடி. அப்படித்தான் நடக்கும் சார், எல்லா இடத்துலயும்.

மேல இருந்து எனக்கு போன். உங்க ஊர்ப் பொண்ணாமே, நீங்க பேசுங்கன்னாங்க.

பேசினேன். நாகர்கோவில்னு சொன்னதும் குரலே மாறிடுச்சு அவளுக்கு.

"நம்ம பக்கத்து ஆளா அண்ணாச்சி நீங்க? நான் யாரோ வெள்ளைக்காரங்கன்னுல்லா நெனச்சேன்."

அண்ணாச்சின்னு யாராவது கூப்பிட்டா எனக்கு மனசு கரைஞ்சிடும் சார். சென்னைக்கு வந்து இத்தனை வருஷத்துல யார் கூப்பிடறா அப்படி.

"புஷ்பம், நீ சொல்றதெல்லாம் நியாயம்தான். வெளியில நின்னு கத்தறதைவிட உள்ள வந்து பேசேன்"ன்னேன்.

"உள்ளயா? எங்களையெல்லாம் உள்ள விடுவாங்களா அண்ணாச்சி?"

விட்டேன். தலைவருக்கு அந்த அதிகாரம் உண்டு. கம்பெனிக்காரங்க சந்தா கட்டித்தான் குழுவுல உக்காரணும், ஆனா சந்தா இல்லாம ஒருத்தரை நிபுணர்னு அழைக்கலாம். தங்கபுஷ்பம், அழைக்கப்பட்ட நிபுணர், நாங்குநேரி. பேப்பர்ல எல்லாம் படத்தோட போட்டாங்க. குழுவுக்குள்ள வந்துட்டா ஒரு கட்டுப்பாடு இருக்கு. உள்ள பேசறதை வெளியில பேசக்கூடாது. அவ கையெழுத்துப் போட்டுக் குடுத்தா. அதோட பொதுப் பக்கத்துல அவ எழுதறது நின்னுபோச்சு. அவ நின்னதும் கூட எழுதின வெளிநாட்டு ஆளுங்களும் ஒவ்வொருத்தரா அடங்கிட்டாங்க. நமக்காகத்தான் உள்ள ஒருத்தி இருக்காளேன்னு நெனச்சிருப்பாங்க.

வாரா வாரம் போன்ல கூட்டம். நாங்க எல்லாரும் ஒரே திரையில படம் போட்டுத்தான் பேசுவோம். அம்புக்குறி, கட்டம், கலர்னு. அவ சாப்ட்வேர் அதையெல்லாம் படிக்காது. "இப்ப எதைக் காட்டி பேசுதாங்க அண்ணாச்சி?"ன்னு நடுவுல நடுவுல கேப்பா. கூட்டம் முடிஞ்சதும் நான் உனக்குச் சுருக்கிச் சொல்றேன்னு சொல்லுவேன். சொல்லவும் செய்வேன். எல்லாத்தையும் சொல்ல முடியுமா? முக்கியமானதைச் சொல்லுவேன். எது முக்கியம்னு ஒரு தலைவருக்குத் தெரியாதா?

டிசம்பர்ல மகாபலிபுரம் பக்கத்துல ஒரு ஓட்டல்ல நேர்க் கூட்டம். இருபத்திரண்டு பேரு, ஏழு நாட்டுல இருந்து. அவளும் புருஷனும் ராத்திரி பஸ்ல ஏறி காலையில வந்து எறங்கினாங்க. ஜெபசிங்கை உள்ள விட முடியாது, உறுப்பினர் இல்லையே. வெளியில வராந்தாவுல ஒரு நாற்காலி போட்டுக் குடுக்கச் சொன்னேன். நாள் பூரா அங்கேயே உக்காந்திருந்தான் பாவம்.

காலையில அவ செஞ்சு காட்டினா. ஒரு பென்ஷன் ஃபாரம், மொத்தம் நாப்பது கட்டம். மூணு நிமிஷம் பத்து விநாடியில முடிச்சா. எங்க ஆள் ஒருத்தன் மவுஸ் வச்சு அதையே செஞ்சப்ப ஏழு நிமிஷம் ஆச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. அடுத்து எங்க புது முறையைப் போட்டு அதே ஃபாரம். ஆறாவது கட்டத்துல நின்னுடுச்சு. 'நீங்கள் தானியங்கி நிரல் என அறியப்பட்டுள்ளீர்கள்.' சாப்ட்வேர் அதைச் சத்தமா படிச்சுது. அவ காதுல மாட்டியிருந்ததைக் கழட்டி ஸ்பீக்கர்ல போட்டுட்டா, எல்லாருக்கும் கேக்கட்டும்னு. மறுபடி மறுபடி அதையே படிக்குது. மனுஷி, மெஷின் குரல், அதுக்கு முன்னாடி இருபத்திரண்டு பேரு. யாரும் யாரையும் பாக்கல.

எங்க கம்பெனியில இருந்து வந்த ஒரு அம்மா அமைதியா கேட்டாங்க: "இவங்க எப்பவாவது தப்பே பண்ண மாட்டாங்களா? கொஞ்சம் தப்புப் பண்ணினா எங்க சிஸ்டம் கண்டுபிடிச்சிடுமே." நான் அதைத் தமிழ்ல அவகிட்ட சொன்னேன். அவ எழுதறது இங்கிலீஷ்லதான், ஆனா சபையில பேசணும்னா கூச்சப்படுவா. அதனால பேச்சுக்கெல்லாம் நான்தான் மொழிபெயர்ப்பு.

"தப்புப் பண்ணினா எங்கிட்ட ஃபாரம் போட வார கெழவிக்குப் பென்ஷன் வராதே அண்ணாச்சி"ன்னா.

மதியச் சாப்பாட்டுல அவ பக்கத்துல உக்காந்து நானே எடுத்து வச்சேன். எந்தப் பக்கம் சோறு, எந்தப் பக்கம் கறின்னு சொல்லிச் சொல்லி. அப்ப விஷயத்தைப் பேசினேன். உனக்காக ஒரு பின்னிணைப்பு சேத்திருக்கோம் புஷ்பம். கண்ணு தெரியாதவங்களுக்கு வெப்சைட்காரன் கட்டாயம் மாற்று வழி தரணும்னு. நீ எதிர்ப்புன்னு பதிவு பண்ணினா ஸ்டாண்டர்டு மொத்தமா நின்னுடும், இந்தப் பின்னிணைப்பும் சேந்து போயிடும். கம்பெனிங்க ஸ்டாண்டர்டே இல்லாம அவங்கவங்க இஷ்டத்துக்குச் செய்வாங்க. அப்ப உனக்கு இதுவும் இருக்காது.

சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே கேட்டா.

"தரவேண்டும்னுதான போட்டிருக்கு?"

"நீயே படிச்சுப் பாத்தியே."

"படிச்சேன். இருக்கு."

எங்ககிட்ட ஓட்டெடுப்பு கிடையாது சார். ஒருமித்த கருத்துதான். தலைவர் கடைசியா ஒரே கேள்வி கேப்பாரு. இதோட வாழவே முடியாதுன்னு யாராவது இருக்கீங்களா? யாரும் இல்லைன்னா நிறைவேறினது மாதிரி. நான் கேட்டேன். மத்தவங்களுக்கெல்லாம் எவ்வளவு நேரம் குடுப்பேனோ அதைவிடப் பத்து விநாடி கூடுதலாவே அவளுக்காகக் காத்திருந்தேன். அவ எழுந்து நின்னு தமிழ்ல சொன்னா: "அந்த வேண்டும்ங்கிற வார்த்தை இருக்க வரைக்கும் நாங்க வாழ்ந்துக்கிடுவோம் அண்ணாச்சி."

நான் இங்கிலீஷ்ல சொன்னேன்: வாழ்ந்துக்குவாங்களாம்.

முழுசா சொல்லியிருக்கலாம். நாலு பேருக்கு ப்ளைட் இருந்துது, நேரம் ஆயிட்டிருந்துது. சாரம் வந்துடுச்சு இல்ல? அவ முகம் என் பக்கம் திரும்புச்சு. நான் தண்ணி குடிச்சேன். அப்புறம் உக்காந்துட்டா. அண்ணாச்சி தப்பாச் சொல்ல மாட்டாருன்னு இருந்திருக்கும்.

கூட்டம் முடிஞ்சதும் ஒரு பாராட்டுப் பத்திரம் குடுத்தோம். நல்லா கண்ணாடி பிரேம் போட்டு. அவ கண்ணாடியைத் தடவித் தடவிப் பாத்தா. "என்ன எழுதியிருக்கு அண்ணாச்சி?"ன்னு கேட்டா. வாசிச்சுக் காட்டினேன். வாசல்ல ஜெபசிங் அதை வாங்கித் துண்டுல சுத்தி பைக்குள்ள வச்சுக்கிட்டான். அவகிட்ட என்னாச்சுன்னு கேட்டான். நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொன்னா.

அப்புறம் வழக்கமான வேலை. இறுதிப் பிரதிக்கு எழுத்துப்பிழை, கமா, புள்ளி எல்லாம் பாப்போம். இரநூத்தி அறுபது பக்கம். எங்க கம்பெனி வக்கீலுங்க பாத்துட்டு, பின்னிணைப்புல 'தரவேண்டும்'னு இருக்கறதை 'தரலாம்'னு மாத்தச் சொன்னாங்க. 'வேண்டும்'னு இருந்தா நாளைக்கு எவனாவது கேஸ் போடுவான். அர்த்தத்தை மாத்தினா மறுபடி கூட்டம் போடணும். எழுத்துத் திருத்தம்னா வேண்டாம். ஒரே ஒரு வார்த்தைதானே. திருத்தப் பட்டியல்ல நூத்திப் பதினெட்டாவதா போட்டேன்.

நாலே நாள்ல கண்டுபிடிச்சுட்டா சார். இரநூத்தி அறுபது பக்கத்தையும் திரும்ப முதல்ல இருந்து கேட்டிருக்கா. போன்ல அழல, சத்தம் போடல.

"அண்ணாச்சி, வேண்டும் எங்க போச்சு?"

"அது எழுத்துத் திருத்தம்மா. அர்த்தம் ஒண்ணும் பெருசா மாறல."

"தரலாம்னா தராமலும் இருக்கலாம்லா."

"நல்லவன் தருவான் புஷ்பம். மனுஷங்களை நம்பணும்."

எதிர்ப்பு எழுதிக் குடுத்தா. காலக்கெடு முடிஞ்சுதுன்னு பதில் குடுத்தோம். மேல இருக்கற குழுவுக்கு எழுதினா. அவங்க கூட்டக் குறிப்பை எடுத்துப் பாத்தாங்க. 'தங்கபுஷ்பம்: இதோட வாழ்ந்துக்குவோம்.' நிபந்தனை எதுவும் பதிவாகல. தள்ளுபடி. எனக்கு வருத்தந்தான், ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே.

ஸ்டாண்டர்டு வெளியாச்சு. நன்றி சொல்ற பக்கத்துல அவ பேரு இருக்கு. பார்வையற்றோர் சமூகத்துடன் சேர்ந்து உருவாக்கப்பட்டதுன்னு எங்க கம்பெனி உலகம் பூரா அறிக்கை விட்டுச்சு. அவ மகாபலிபுரத்துல எழுந்து நின்னு பேசற போட்டோவையும் போட்டாங்க. இதைவிட ஒரு நாங்குநேரிப் பொண்ணுக்கு என்ன பெருமை வேணும்?

மார்ச்ல இருந்து ஒவ்வொரு வெப்சைட்டா மாறினாங்க. மாற்று வழி தரலாம்னா யாரு சார் மெனக்கெட்டுத் தருவாங்க? அவ சென்டர்ல நின்னுபோச்சு. ஆறாவது கட்டம், எட்டாவது கட்டம், தானியங்கி நிரல், இருபத்திநாலு மணி நேரத்துக்குப் பூட்டு. ஜெபசிங் வேனை நிறுத்திட்டு வந்து பக்கத்துல உக்காந்து மவுஸைப் பிடிச்சுப் பாத்தான். பாதி மவுஸ் பாதி கீபோர்டுன்னா அதுக்கு இன்னும் சந்தேகம். பேச்சியம்மான்னு ஒரு விதவை, பென்ஷனுக்குப் போட்டிருந்தது திரும்பி வந்துடுச்சு, மெஷின் மூலம் நிரப்பப்பட்ட விண்ணப்பம்னு. அந்தம்மா சென்டர்ல வந்து எல்லார் முன்னாடியும் ரசீதை அவ மேசையில வீசிட்டுப் போச்சாம். குருட்டு முண்டை கள்ள மெஷினை வச்சு ஏமாத்துதான்னு. ஊரு சும்மா இருக்குமா? கண்ணு தெரியாதவ அவ்வளவு வேகமா எப்படிப் போட்டா, அப்பவே சந்தேகப்பட்டோம்னு பேச்சு. ஒருநாள் ஷட்டர்ல எவனோ சாக்பீஸ்ல 'டூப்ளிகேட்'னு எழுதிட்டான். ஜெபசிங் அழிச்சுட்டு அவகிட்ட மறைச்சிருக்கான். வந்தவங்கள்ல ஒருத்தர் சொல்லிட்டாங்க.

இதெல்லாம் அவ போன்ல சொன்னதுதான். கடைசியா பேசினது மே மாசம்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு லெட்டர் குடுங்க. இவ மனுஷிதான்னு. கம்பெனி சீல் போட்டு. சென்டர்ல மாட்டி வைக்கேன். வாரவங்க பாக்கட்டும்."

கேக்கறதுக்குக் கஷ்டமாத்தான் இருந்துது. ஆனா எப்படி சார் குடுக்கறது? ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க. கம்பெனி எங்கயும் யாரையும் மனுஷன்னு எழுத்துல சொல்றதில்ல, அது கொள்கை முடிவு. பக்குவமா எடுத்துச் சொன்னேன். தனிப்பட்ட முறையில எனக்கு போன் பண்றதும் சரி வராதும்மா, நான் தலைவர், பாரபட்சம்னு பேசுவாங்க. பொதுக் கருத்துப் பக்கம் ஸ்டாண்டர்டு வந்த பிறகும் எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு. உன் அனுபவத்தை அதுல எழுது. எழுதினா பதில் சொல்லியே ஆகணும், அது விதின்னேன்.

"சரி அண்ணாச்சி"ன்னா. அப்புறம், "உங்களுக்கு ஒடம்பு சொகந்தான?"ன்னு கேட்டுட்டு வச்சுட்டா. மரியாதை தெரிஞ்ச பொண்ணு.

சென்டரை ஜூன்ல மூடிட்டாளாம். அந்த ரூம்ல இப்ப ஒருத்தன் போன் ரிப்பேர் பண்றானாம். ஊர்க்காரர் ஒருத்தர் கல்யாணத்துல பாத்தப்ப சொன்னார்.

ஆனா நாங்க அந்தக் கருத்துப் பக்கத்தைச் சும்மா விட்டுடல சார். ஊருக்கு விதி எழுதிட்டு நாம பின்பற்றலைன்னா எப்படி? முதல் வேலையா அந்தக் கருத்துப் பக்கத்துலதான் புது ஸ்டாண்டர்டைப் போட்டோம். மெஷின் அனுப்பற குப்பையெல்லாம் ஒரே நாள்ல நின்னுபோச்சு.

அவளும் அதுக்கப்புறம் எழுதல. நானும் மாசாமாசம் பாத்தேன், ஒரு வரி வந்திருக்குமான்னு. இல்ல. கோபம் ஆறியிருக்கும். அவ மட்டும் இல்ல, கண்ணு தெரியாதவங்க யார்கிட்ட இருந்தும் இந்த ஒரு வருஷத்துல ஒரு புகார் கிடையாது. ஒண்ணு கூட. ஆண்டறிக்கையில அதைச் சொல்ற பத்தியை நான்தான் எழுதினேன்.